187 வாக்கு

மெர்சட், கலிபோர்னியா
டிசம்பர் 2025

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் 2016-ல் இன்பதுரையிடம் 49 வாக்கில் தோற்ற அப்பாவு, 2021-ல் அவரையே எதிர்த்து நின்று ஜெயித்ததை எழுதிவிட்டு, "உங்கள் அமெரிக்காவில் இப்படியெல்லாம் நடக்குமா?" என்று கேட்டிருக்கிறாய். நான் ஓட்டுப் போடும் தொகுதியிலேயே நடந்தது.

எங்களுடையது கலிபோர்னியாவின் 13-ஆவது காங்கிரஸ் தொகுதி (காங்கிரஸ் என்பது இங்கே கட்சி இல்லை, நாடாளுமன்றம்). மெர்சட் மாவட்டம் முழுவதும், மடேராவில் பெரும்பகுதி, சுற்றியுள்ள மாவட்டங்களில் துண்டு துண்டாகக் கொஞ்சம். பாதாம் தோப்பு, திராட்சை, மாட்டுப் பண்ணை. மக்களில் பாதிக்கு மேல் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். கட்சி எதுவானாலும் மேடை ஏறினால் வாய்க்கால் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இறங்க முடியாது.

2022-ல் எல்லைகளை மாற்றி வரைந்ததில் இது சிட்டிங் எம்.பி. இல்லாத தொகுதி ஆனது. குடியரசுக் கட்சிக்கு ஜான் டுவார்ட்டே, ஜனநாயகக் கட்சிக்கு ஆடம் கிரே. கிரே மெர்சட்காரர், மாநில சட்டமன்றத்தில் பத்து வருடம் இருந்தவர். ஆற்றுத் தண்ணீரைக் கூடுதலாகக் கடலுக்கு விடச் சொன்ன மாநில அரசின் திட்டத்தை, சொந்தக் கட்சி ஆட்சியில் இருந்தபோதே எதிர்த்தவர். டுவார்ட்டே குடும்பத்துக்கு மொடெஸ்டோ பக்கத்தில் பெரிய நாற்றுப் பண்ணை. திராட்சை, பாதாம், பிஸ்தா கன்றுகள் அங்கிருந்து போகின்றன. 2012-ல் வடக்கே டெஹாமா மாவட்டத்தில் அவர்கள் வாங்கிய 450 ஏக்கர் நிலத்தை அனுமதி இல்லாமல் உழுது, மழைநீர்க் குட்டைகளைக் கெடுத்துவிட்டதாக மத்திய அரசோடு வழக்கு. 2017-ல் 11 லட்சம் டாலருக்குச் சமரசம். சொந்த நிலத்தை உழுததற்கு வழக்கா என்று நீ சிரிப்பாய். இங்குள்ள விவசாயிகளும் அதையேதான் கேட்டார்கள். அவருடைய அரசியலுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது.

அந்த முறை டுவார்ட்டே 564 வாக்கில் ஜெயித்தார். இங்கே எம்.பி. பதவி இரண்டே வருடம். தோற்றவருக்கு ஆறப்போட நேரமே இல்லை. ஊர் அவர் முகத்தை மறப்பதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடுகிறது. 2024 மார்ச் முதல்நிலைத் தேர்தலில் (முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நவம்பர் தேர்தலுக்குப் போவார்கள்) வாக்குச்சீட்டில் இருந்ததே இவர்கள் இருவர்தான். அதில் டுவார்ட்டேவுக்கு 55 சதவீதத்தை ஒட்டி விழுந்தது. கிரேக்கு இனி வேலை இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

நவம்பர் 5 வாக்குப்பதிவு. முடிவு தெரிந்தது டிசம்பர் 3. நாட்டிலேயே கடைசியாக முடிவான காங்கிரஸ் தொகுதி எங்களுடையதுதான். உனக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஊரில் மதியச் சாப்பாட்டுக்குள் முன்னிலை தெரிந்துவிடும். இங்கே எல்லா வாக்காளருக்கும் சீட்டு தபாலில் வருகிறது. தேர்தல் நாளன்று முத்திரை விழுந்திருந்தால், ஒரு வாரம் கழித்து வந்து சேர்ந்தாலும் எண்ணுவார்கள். உறையில் போட்ட கையெழுத்து பதிவில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் வாக்காளருக்குக் கடிதம் போகும், திருத்திக் கொடுக்க அவகாசம் உண்டு. இரண்டு கட்சிக்காரர்களும் அப்படிப்பட்டவர்களைத் தேடி வீடு வீடாக அலைந்தார்கள். 49 வாக்குத் தோல்வியை எதிர்த்து அப்பாவு போட்ட வழக்கும் தபால் வாக்கில் போட்ட கையொப்பத்தில்தானே வந்து நின்றது!

எண்ணிக்கையில் பெரும்பாலான நாட்கள் டுவார்ட்டேதான் முன்னிலை. கடைசி வாரங்களில் மெல்ல மெல்லக் குறைந்து, கிரே 187 வாக்கில் ஜெயித்தார். 1,05,554-க்கு 1,05,367. டுவார்ட்டே மறு எண்ணிக்கை அது இது என்று இழுக்காமல் தோல்வியை ஒப்புக்கொண்டார். எனக்கு அவர் கட்சி பிடிக்காது, ஆனால் அந்த மரியாதை பிடித்தது.

இதைப் பழிவாங்கல் கதையாக எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2022-ல் டுவார்ட்டே ஜெயித்தபோது வாங்கியது 67,060. தோற்றபோது அதைவிட 38 ஆயிரம் அதிகம்! வேட்பாளர்கள் அதே இருவர், பேச்சும் ஏறக்குறைய அதே தண்ணீர்ப் பேச்சு. மாறியது வாக்காளர் கூட்டம்தான். ஜனாதிபதித் தேர்தல் வருடம் என்பதால் 77 ஆயிரம் வாக்கு கூடுதலாக விழுந்தது. அதிலும் ஒரு விசித்திரம்: அதே நாளில் டிரம்ப் இந்தத் தொகுதியில் சுமார் ஐந்து சதவீதப் புள்ளி முன்னிலை பெற்றார். அப்படியென்றால் மேலே டிரம்புக்குப் போட்ட கை கீழே கிரேக்கும் போட்டிருக்கிறது, இல்லை கீழே ஒன்றும் போடாமல் விட்டிருக்கிறது. எது எவ்வளவு என்று சொல்ல எனக்கு வழியில்லை, ஆனால் பத்து வருடம் சட்டமன்றத்தில் இருந்த உள்ளூர்க்காரர் என்பதற்கு 187 வாக்கு மதிப்பாவது இருக்கும் என்று நம்புகிறேன்.

மறுபடி நின்றால் ஜெயிக்கலாம் என்றும் இல்லை. எங்களுக்குத் தெற்கே 22-ஆவது தொகுதியில் டேவிட் வலடேயோவிடம் ரூடி சாலஸ் 2022-ல் மூவாயிரத்துச் சொச்சத்தில் தோற்றார். 2024-ல் திரும்ப நின்று 11 ஆயிரத்துக்கு மேல் தோற்றார். எங்களுடைய அதே மத்தியப் பள்ளத்தாக்கு, அதே நாள். அந்த வலடேயோவே 2018-ல் டி.ஜே. காக்ஸிடம் 862 வாக்கில் பதவியை இழந்து, 2020-ல் அவரையே தோற்கடித்துத் திரும்பி வந்தவர்.

அப்புறம், போன மாதம் மாநிலம் முழுவதும் நடந்த வாக்கெடுப்பில் தொகுதி எல்லைகளைத் திரும்ப மாற்றிவிட்டார்கள். 2026-ல் யார் நின்றாலும் இதே நிலத்தில் மூன்றாவது ஆட்டம் கிடையாது. ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான மாற்றம்தான், என் கட்சிதான், இருந்தாலும் நான் கூச்சத்தோடுதான் ஓட்டுப் போட்டேன். டெக்சாஸில் குடியரசுக் கட்சிக்காரர்கள் தங்களுக்குச் சாதகமாக எல்லைகளை மாற்றினார்கள், நாங்கள் பதிலுக்குச் செய்கிறோம் என்பது சரியான காரணமா என்று நீதான் சொல்ல வேண்டும். நீ வக்கீல்.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். முழங்கால் வலிக்கு ஊசி போட்டிருக்கிறார்கள், நடக்க முடிகிறது. மகள் இந்த வருடம் முதல்முறையாக வாக்களிக்கப் பதிவு செய்திருக்கிறாள். யாருக்கு என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். உன் கண் அறுவை சிகிச்சை என்றைக்கு என்று எழுதவே இல்லை. தேதி முடிவானதும் போன் பண்ணு. இங்கே நடுராத்திரி ஆனாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்