தண்ணீரைப் பார்த்துவிட்டு மிஷினை வாங்கு

மண்டபம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. மகளுடைய பிரசவத்துக்கு இரண்டு பேரும் துபாய் கிளம்புவதில் ரொம்ப சந்தோஷம். தங்கச்சிக்கு அந்தக் கவலையைவிட ஹாலில் இருக்கும் எட்டுச் செடித் தொட்டிகளின் கவலைதான் பெரிதாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எதிர்பார்த்ததுதான்.

இங்கே எல்லோரும் சுகம். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து, ராமேஸ்வரம் போகிறவர்கள் பலபேர் நம்ம ஸ்டேஷனில் இறங்கித்தான் பஸ் பிடித்தார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு ரயில் வருகிறது, நிற்கிறது, போய்விடுகிறது. டீக்கடைக்காரர்களுக்கு மட்டும்தான் வருத்தம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வீடு பூட்டியிருக்கும்போது செடிகளுக்குத் தண்ணீர் விட, டைமரில் ஓடும் பம்ப் செட், செடியோரம் குத்தி வைத்தால் தண்ணீர் கசியும் மண் கூம்பு, அடியில் தண்ணீர் நிற்கும் தொட்டி, இந்த மூன்றில் எது நம்பகமானது என்று கேட்டிருக்கிறாய். நல்லபடியாக ஓடும்போது மூன்றுமே நல்லவைதான். பழுதாகும்போது என்ன செய்யும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் ஆள் இருந்தால் சின்னத் தொந்தரவு. ஒன்றரை மாதம் பூட்டிக் கிடக்கிற வீட்டில் அதுவே பெரிய செலவு.

பம்ப் செட்டை எடுத்துக்கொள். என் மைத்துனர் வீட்டில் மேஜைமேல் தண்ணீர் வாளி, தரையில் தொட்டிகள். டைமர் சொன்னபடி பம்ப் ஓடி நின்றுவிட்டது, தண்ணீர் நிற்கவில்லை. குழாயில் ஒருமுறை தண்ணீர் நிரம்பிவிட்டால், வாளியின் நீர்மட்டத்தைவிடத் தொட்டி தாழ்வாக இருக்கும் வரைக்கும் அது தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும். டீசல் கேனில் டியூப் போட்டு உறிஞ்சி இறக்குவோமே, அதே கதைதான். வாளி காலி, ஹால் முழுக்கத் தண்ணீர், தரை விரிப்பு நாறிப்போனது. வாளியைத் தொட்டிகளைவிடத் தாழ்வாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால், வாளிக்குள்ளேயே நீர்மட்டத்துக்கு மேலே குழாயில் ஊசித் துளை ஒன்று போட வேண்டும். பம்ப் நின்றதும் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். வாளி காலியான பிறகும் பம்ப் ஓடினால் எரிந்துபோகும், அது தனி. கரண்ட் போய் வந்தால் வைத்த நேரத்தையே மறந்துவிடும் டைமர்களும் உண்டு. நம்ம உப்புக் காற்றில் பேட்டரி ஸ்பிரிங் பச்சை பிடிக்க எவ்வளவு நாள் ஆகும் என்று உனக்கே தெரியும். மண்ணில் குத்தி ஈரம் பார்க்கும் கருவியை நம்பியும் வாங்காதே. மலிவானவை மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துத்தான் ஈரம் சொல்லும். உப்பு மண்ணில் காய்ந்திருந்தாலும் ஈரம் என்று காட்டும்.

உப்பு என்றதும் முக்கியமான விஷயம். உங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற கணக்கு, எவ்வளவு என்று ஆர்.ஓ. சர்வீஸ் பையனை வைத்துப் பார்த்துவிடு. குடிப்பதற்கே 500 வரைக்கும்தான் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை என்று தர நிர்ணயம். 1000 காட்டினால் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு என்று வைத்துக்கொள். மேலிருந்து ஊற்றினால் கொஞ்சமாவது அடித்துளை வழியாகக் கழுவிக்கொண்டு போகும். அடியிலிருந்து உறிஞ்சும் தொட்டியில் தண்ணீர் மேலே வந்து ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். மண்மேல் வெள்ளையாகப் பூத்து, இலை நுனி கருகினால் அதுதான் காரணம். மண் கூம்பும், நம்ம மானாமதுரைச் சட்டியேகூட, உப்புத் தண்ணீரில் நாளாக நாளாகக் கண் அடைத்துக்கொள்ளும். ஆர்.ஓ. கழிவு நீரை மட்டும் ஊற்றிவிடாதே, அதில் உப்பு இன்னும் கூடுதல். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரோ கேன் தண்ணீரோ போதும்.

இனி உன் எட்டுத் தொட்டி. மூன்று ஸ்நேக் பிளாண்டும் அந்த இசட் இசட் செடியும் இலையிலும் கிழங்கிலும் தண்ணீர் சேர்த்து வைத்திருப்பவை. கிளம்பும் அன்று நன்றாக ஊற்றி, வெயில் படாத பக்கம் நகர்த்திவிட்டுப் போ, ஒன்றரை மாதம் தாங்கும். தினமும் ஊற்றினால்தான் அழுகும். மிச்சம் இரண்டு மணி பிளாண்ட், இரண்டு பீஸ் லில்லி. அந்த நாலுக்கும் தண்ணீரை உறிஞ்சி மண்ணுக்கு ஏற்றும் திரி போடு.

ஒவ்வொன்றுக்கும் 5 லிட்டர் தட்டை டப்பா, மூடியோடு. மூடியில் துளை போட்டு, அதன்மேல் தொட்டியை உட்கார வை. திரியின் ஒரு முனை டப்பாவின் அடி வரைக்கும், மறுமுனை தொட்டியின் அடித்துளை வழியாக மண்ணின் நடுவரைக்கும். டப்பா ஒரு சாண் உயரத்துக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் திரி ஏற்றிக் கொடுப்பது சந்தேகம். பருத்தித் துணி அழுகிவிடும். உங்கள் கடற்கரை வலைக்கடையில் பல இழை முறுக்கிய நைலான் நூல் வாங்கு. தூண்டில் நரம்பு உறிஞ்சாது. நூலைச் சோப்புப் போட்டு அலசி, ஒரு முனையைத் தம்ளர் தண்ணீரிலும் மறுமுனையை உயர்த்தி வைத்த செய்தித்தாளிலும் போட்டுப் பார். கொஞ்ச நேரத்தில் தாள் நனைந்தால் நூல் சரி. மண்ணில் தென்னை நார்த்தூள் கலப்பதாக இருந்தால் அதையும் அலசு, அதிலும் உப்பு இருக்கும்.

ஒரு தொட்டிக்கு நாளைக்கு 100 மில்லி என்று வைத்தால் 45 நாளுக்கு நாலரை லிட்டர். நாலு தொட்டிக்கு 18 லிட்டர், ஒரு தண்ணீர் கேனிலேயே முடிந்துவிடும். மூடி இடுக்கை டேப் போட்டு அடைத்துவிடு. திறந்த தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாளில் கொசு முட்டை பறக்கும் கொசுவாகிவிடும். திரும்பி வரும்போது டெங்கு வரவேற்கக்கூடாது.

கிளம்பும் தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே இதையெல்லாம் பொருத்தி, டப்பாவில் பேனாவால் கோடு போட்டு எவ்வளவு இறங்குகிறது என்று பார். வேகமாக இறங்கினால் ஒரு திரி, மெதுவாக இறங்கினால் இரண்டு. அடுத்த வீட்டில் ஒரு சாவியும் கொடுத்து வை. வந்ததும் மேலிருந்து நல்ல தண்ணீர் நிறைய ஊற்றி உப்பைக் கழுவிவிடு.

வலைக்கடைக்குப் போக நேரமில்லை என்றால் சொல், நூலை நான் இங்கேயே வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். பதிலுக்குத் தங்கச்சி கையால் கிண்டிய தொதல் இனிப்பு ஒரு டப்பா வேண்டும், அதில் பேரமே இல்லை. மகளுக்கு என் வாழ்த்து.

அன்புடன்
உன் மச்சான்