இளமை மாத்திரை சாப்பிடுவோரை விரட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதுமையைத் தள்ளிப்போடும் என்று நம்பி சிரோலிமஸ், மெட்ஃபார்மின் மருந்துகள், என்.எம்.என். என்ற ஊட்டச்சத்து மாத்திரை என்று தாமாகவே வாங்கிச் சாப்பிடுவோர் நம் டெல்டா ஊர்களிலும் இருக்கிறார்கள். மருத்துவரிடம் வாய் திறந்தால், "வயசான காலத்துல இதெல்லாம் எதுக்கு?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அடுத்த முறை சாப்பிடுபவர் சொல்ல மாட்டார். மாத்திரையையும் விட மாட்டார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

சிரோலிமஸ், சிறுநீரக மாற்று அறுவை செய்தவரின் உடல் புதுச் சிறுநீரகத்தை ஒதுக்கிவிடாமலிருக்கத் தரும் மருந்து. எலிகளின் ஆயுளை அது நீட்டித்ததாக 2009இல் ஆய்வு வெளிவந்த பிறகு இந்த ஆசை பரவியது. மனித ஆயுளை நீட்டிக்கும் என்பதற்கு இன்றுவரை சான்றில்லை. நோய் எதிர்ப்பைத் தணிக்கும், புண் ஆறுவதைத் தாமதமாக்கும் என்பது மட்டும் உறுதி. நடவு நாளில் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணோடு வயலில் நிற்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. அவருக்கே படர்தாமரையும் வந்து, பூஞ்சைத் தொற்றுக்கான இட்ராகோனசோல் எழுதித் தந்தால் நிலைமை மோசமாகும். சிரோலிமஸைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை இட்ராகோனசோல் முடக்கிவிடும். விழுங்குவது அதே அளவுதான், ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். வாயெல்லாம் புண், கொழுப்பும் சர்க்கரையும் கூடுதல், எளிதில் தொற்று. கிருமித் தொற்றுக்குத் தரும் கிளாரித்ரோமைசினும், ரத்த அழுத்தத்துக்குத் தரும் டில்டியாசெமும் இதே வழியில் அளவை ஏற்றும். ஓ.பி. சீட்டில் 'சிரோலிமஸ்' என்ற ஒரு சொல் இருந்தால் மருத்துவர் வேறு மருந்து எழுதியிருப்பார். உடலில் இது பாதியாகக் குறையவே சுமார் 60 மணி நேரம் ஆகும். அறுவைக்கு முதல் நாள் நிறுத்திப் பயனில்லை; இரண்டு வாரத்துக்கு முன்பே மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மெட்ஃபார்மின் சர்க்கரை நோய்க்குத் தரும் பழகிய மாத்திரை என்பதால் யாரும் பயப்படுவதில்லை. சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ரத்தச் சோதனை பார்க்காமல் தொடங்கக் கூடாது, சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழ் இருந்தால் தொடவே கூடாது. ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம். சைவ உணவுக்காரர்களுக்கு அது முன்பே குறைவாக இருக்கலாம். பாதம் மரத்துப்போவதை 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுகிறார்கள், இளமைக்காகச் சாப்பிட்ட மாத்திரையே காரணமாக இருக்கும்போது! செந்தூரம், பற்பம் போன்ற சித்த மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிடுவோர் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

'ஸ்டெம் செல்' ஊசியை இவற்றோடு சேர்க்க முடியாது. முதுமைக்கு அதைப் பணம் வாங்கிப் போடுவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஏற்கவில்லை. ஆய்வு என்று சொன்னால், மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணையும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும், கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தின் நகலையும் கேளுங்கள். மருந்து ஆய்வுகளுக்கான 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, மருந்து ஆய்வால் உடலுக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும். கட்டணம் கேட்டாலே எழுந்து வந்துவிடலாம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிடம் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இந்த மருந்துகளை நீங்கள் தர வேண்டாம், ஆதரிக்கவும் வேண்டாம். வாரத்தில் ஒரு பிற்பகல், சாப்பிடுபவர் பயமின்றிச் சொல்ல ஓர் இடம் கொடுங்கள். தொடங்கும் முன் ரத்த அணுக்கள், கிரியேட்டினின், கல்லீரல், கொழுப்பு, மூன்று மாதச் சர்க்கரை, பி12 பாருங்கள். ஒரு மாதத்தில் மறுபடி, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எல்லாமே வழக்கமான சோதனைகள்தாம். நிறுத்த வேண்டியதை அப்போதே சொல்லி நிறுத்துங்கள். அக்கறையோடு சொன்னால் கேட்பார்கள். பக்கவிளைவு கண்டால் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024இல் பதியலாம். மருத்துவர் மட்டுமல்ல, சாப்பிட்டவரே அழைத்துச் சொல்லலாம்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் இருவர்,
கும்பகோணம்.