ஃபெல்ட் தொப்பிக்குப் பேட்டர்ன் கேட்ட தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஃபெல்ட், அதாவது ரோமத்தை நெய்யாமல் இறுக்கிச் செய்த துணி; அந்தத் தொப்பிக்குப் பேட்டர்ன் வேண்டும் என்று கேட்டிருந்தாய். அப்படி ஒன்று இல்லை. ஆறு துண்டாகவோ எட்டுத் துண்டாகவோ வெட்டித் தைக்கிற துணித் தொப்பிகளுக்குப் பேட்டர்ன் உண்டு. கோட் தைக்கத் தெரிந்த உனக்கு அது ஒரு நாள் வேலை. ஆனால் நீ படம் அனுப்பியிருந்த 1920களின் மணி வடிவத் தொப்பியை, குளோஷ் என்பார்களே அதை, உற்றுப் பார். எங்கேயும் மூட்டுத் தையல் இருக்காது. நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரே துண்டு. அந்த வளைவை ஆவியும், அச்சு என்று சொல்லும் தலை வடிவ மரக்கட்டையும் கொடுத்தன. கத்தரிக்கு அதில் வேலை மிகக் குறைவு. தையற்காரியாக நீ பழகியதில் பாதியை இங்கே ஓரமாக வைக்க வேண்டும். மீதிப் பாதி, கைத்தையல், கடைசிக் கட்டத்தில் உன்னைக் காப்பாற்றும்.

தலையைக் கவிந்து மூடும் பகுதி கிரவுன். சுற்றிலும் நீளும் விளிம்பு பிரிம். இரண்டும் சேரும் கோடுதான் தலையளவுக் கோடு. எல்லாக் கணக்கும் அங்கிருந்துதான். ஃபெல்ட் இரண்டு உருவத்தில் விற்பனைக்கு வரும். கூம்பு வடிவத்தில் இருப்பது கோன். குளோஷுக்கும் விளிம்பு சிறுத்த தொப்பிக்கும் அது போதும். ஏற்கெனவே அகன்ற விளிம்போடு வருவது கேப்லைன். கோனை வாங்கிவிட்டு அதிலிருந்து பத்து சென்டிமீட்டர் பிரிம் இழுக்கப் பார்த்தால், ஓரம் மெலிந்து வெளிச்சம் தெரிய ஆரம்பித்துவிடும்.

ஆட்டு ரோம ஃபெல்ட், முயல் முடி ஃபெல்ட் என்று இரண்டு வகை. ரோம இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கும். சூடு, ஈரம், தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகும். நெய்யாமல் கொள்ளாமல் ஒரு துணி பிறப்பது இப்படித்தான். பீவர் என்ற நீர்நிலை விலங்கின் அடிமுடி இதற்கு மிகப் பொருத்தமானது. ஐரோப்பாவில் அந்த விலங்கு ஏறக்குறைய இல்லாமல் போகும் அளவுக்கு 17ஆம் நூற்றாண்டில் தொப்பிக்காக வேட்டையாடினார்கள். பிறகு வட அமெரிக்காவை நோக்கித் திரும்பினார்கள். 1670இல் தொடங்கிய ஹட்சன்ஸ் பே கம்பெனியின் வியாபாரத்தில் பெரும்பங்கு இந்தத் தோல்தான்.

பீவர் அரிதாகி விலை ஏறியதும் முயல் முடியின் பக்கம் போனார்கள். அது லேசில் இறுகாது. பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவினால் இழையின் மேற்பரப்பு சொரசொரப்பாகி நன்றாகப் பிடிக்கும். காயும்போது நுனிகள் காரட் நிறமாக மாறும். அந்த ஃபெல்ட்டை மூடிய பட்டறைக்குள் ஆவியில் காட்டியவர்கள் பாதரச ஆவியையும் சேர்த்தே சுவாசித்தார்கள். கை நடுக்கம், குழறும் பேச்சு, ஆட்களைக் கண்டால் ஒதுங்குவது எல்லாம் அந்தத் தொழிலோடு ஒட்டிய நோய்கள். அமெரிக்காவின் தொப்பி நகரமான டான்பரியில் நடுக்கத்துக்கு ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். அங்கே பாதரசத்தைக் கைவிட்டது 1941இல்தான். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் ஒன்று உண்டு: பழைய சாமான் கடையில் அந்தக் காலத்து முயல் முடித் தொப்பி கிடைத்தால் ஆசைப்பட்டு ஆவியில் காட்டாதே. பாதரசம் அதில் இன்னும் தங்கியிருக்கலாம்.

பழக ஆட்டு ரோமக் கோன் போதும். முயல் முடி மெல்லியது, பளபளப்பானது, மழையில் நனைந்தாலும் வடிவத்தை எளிதில் விடாது, விலையும் அதற்கேற்ப. உன் கை தேறிய பிறகு அதை வாங்கு.

இனி அளவு. 1900களின் தொடக்கத்தில் பெண்களின் அகன்ற தொப்பிகள் குவித்து வாரிய கூந்தலின் மேல் உட்கார்ந்தன. நீண்ட ஊசியைக் கூந்தலுக்குள் குத்தி நிறுத்தினார்கள். அளவு கொஞ்சம் தவறினாலும் ஊசி தாங்கிக்கொண்டது. குளோஷ் அப்படியில்லை. கத்தரித்த குட்டைக் கூந்தலின் மேல், புருவம் வரை இறங்கி, தலையைக் கவ்விப் பிடிக்கும். ஒரு சென்டிமீட்டர் தவறினால் ஒன்று கண்ணை மறைக்கும், அல்லது மாலைக்குள் தலைவலி வரும்.

டேப்பை நெற்றியின் நடுவே, காதுகளுக்குச் சற்று மேலே, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி வை. ஒரு விரல் உள்ளே நுழையும் அளவுக்கு விடு. தொப்பி போடும்போது கூந்தல் எப்படி இருக்குமோ அப்படியே வைத்து அள. கடையில் பார்க்கும் 7⅛ போன்ற எண்கள் அங்குலத்தில் சொல்லப்படும் விட்டம், 57 செ.மீ. தலை அமெரிக்கக் கணக்கில் 7⅛, பிரிட்டிஷ் கணக்கில் 7. குழப்பமே வேண்டாம், சென்டிமீட்டரிலேயே எழுதிவை. சுற்றளவு மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே 57 உள்ள இரண்டு தலைகளில் ஒன்று நீளவாட்டில் இருக்கும், ஒன்று உருண்டையாக இருக்கும். உருண்டை அச்சில் செய்ததை நீளத் தலையில் வைத்தால் நெற்றியில் அழுத்தும், காதுப் பக்கம் இடைவெளி விடும். முன்பின் நீளத்தையும் பக்கவாட்டு அகலத்தையும் தனியாகக் குறித்துக்கொள்.

அச்சு தலையைவிட ஒரு செ.மீ. பெரிதாக இருக்கட்டும்; 57க்கு 58. உள்ளே வைக்கும் ரிப்பன் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். பெரிதாகிவிட்ட தொப்பியை ரிப்பனால் சரிக்கட்டலாம். விறைப்பேற்றிக் காய்ந்த சிறிய தொப்பியைப் பெரிதாக்குவது பெரும்பாடு.

அச்சின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுகச் சுற்று. சாயமும் அரக்கும் மரத்தில் ஒட்டாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கோனின் உட்புறம் ஆவியில் படும்படி திருப்பிக்கொண்டே இரு. இரண்டு மூன்று நிமிடத்தில் அது துவண்டு தொங்கும். அதுதான் பதம். அதற்கு மேலும் காட்டினால் ஆட்டு ரோமம் சுருங்கித் தடித்துவிடும். உடனே அச்சின் மேல் கவிழ்த்து முன்னும் பின்னும் ஒருசேர இழு, பிறகு இடமும் வலமும், பிறகு மூலைவாட்டில். எப்போதும் எதிரெதிர்ப் பக்கங்களைச் சேர்த்து இழுக்க வேண்டும். ஒரே பக்கத்தை இழுத்தால் அங்கே மெலியும், உச்சியும் நடுவிலிருந்து நகர்ந்துவிடும். சுருக்கம் விழுந்தால் பலத்தைக் காட்டாதே, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி ஆவி காட்டு. ஆவி கையைச் சுடும். துணிக் கையுறை ஈரத்தை உறிஞ்சி இன்னும் மோசமாகச் சுடும், ரப்பர் கையுறைதான் சரி.

தலையளவுக் கோட்டில் பருத்திக் கயிற்றைச் சுருக்குப் போட்டு இறுக்கு. மிச்சமிருக்கும் ஓரத்தைக் கீழே இழுத்து, 2 செ.மீ. இடைவெளியில் ஊசி குத்தி நிறுத்து. ஊசித் தடம் போகாது, அதனால் வெட்டப் போகிற கோட்டுக்கு வெளியேதான் குத்த வேண்டும். பிறகு தொடாமல் விடு, குறைந்தது 24 மணி நேரம். புதிதாகச் செய்பவர்களின் தொப்பிகள் அதிகம் கெடுவது இங்கேதான். மேலே காய்ந்திருக்கும், அச்சை ஒட்டிய பக்கம் ஈரமாக இருக்கும். எடுத்த பிறகு மெல்லச் சுருங்கும். ஹேர் டிரையர் பிடிப்பதும் இதே தவறுதான். காய்ந்த பின் ஒரு தட்டையான கரண்டிக் காம்பை உள்ளே விட்டுச் சுற்றிலும் நெகிழ்த்தி எடு.

விறைப்புக்குக் காலங்காலமாகப் பயன்படுவது அரக்கு, ஸ்பிரிட்டில் கரைத்தது. கரைசல் தேன் பதத்தில் இருந்தால் சம அளவு ஸ்பிரிட் சேர்த்து நீர்க்கச் செய். ஆவி காட்டுவதற்கு முந்தைய நாளே உட்புறம் மட்டும் மெல்லிய பூச்சு கொடுத்துக் காயவிடு. மறுநாள் சூட்டில் அரக்கும் இளகி, ஆறும்போது தொப்பியோடு சேர்ந்து இறுகும். கெட்டியாக ஒரே பூச்சு கொடுத்தால் வெளிப்பக்கம் கறையாக ஊறும். காய்வதற்குள் ஈரம் பட்டால் வெள்ளை பூக்கும். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். வெளிர் நிற ஃபெல்ட்டில் அரக்கின் பழுப்பு தெரியும், அதற்கு நிறமற்ற நீர்வகை விறைப்பானே நல்லது. ஸ்பிரிட்டை அடுப்பு எரிகிற அறையில் திறக்கவே கூடாது.

அகன்ற பிரிமுக்குக் கம்பி வேண்டும், பருத்தி நூல் சுற்றிய தொப்பிக் கம்பி. தலையளவு 57, பிரிம் தட்டையாக 8 செ.மீ. என்றால் வெளி விளிம்பின் சுற்றளவு ஏறத்தாழ 107 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற 5 செ.மீ. சேர்த்து 112 வெட்டு. சுருளிலிருந்து எடுத்த கம்பி தன் பழைய வளைவுக்கே போகப் பார்க்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருவி அந்த முறுக்கை முதலில் எடுத்துவிடு. இதைச் செய்யாத பிரிம் மேசையில் வைத்தால் தள்ளாடும். கம்பி நீண்டால் விளிம்பு அலையலையாகும், குறைந்தால் கிண்ணம் போலக் குவியும். இணைப்பு பின்பக்கம் வரட்டும். நுனிகளைத் துணிப் பட்டையால் சுற்றிவிட்டு, பிளாங்கெட் ஸ்டிச்சால் சுற்றிலும் பிடித்து, மேலே ரிப்பனோ கிராஸ் பீஸோ (சாய்வாக வெட்டிய துணிப் பட்டை) வைத்து மூடு.

உள் ரிப்பனைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். தொப்பியின் அளவைப் பிடித்து வைப்பதே அதுதான். ஃபெல்ட் போடப்போட நெகிழும், ரிப்பன் நெகிழாது. அதற்குப் பீட்டர்ஷாம் ரிப்பன் கேட்டு வாங்கு: குறுக்கே வரியோடி, ஓரம் நுண்ணிய பற்களாக இருக்கும், பருத்தி அல்லது விஸ்கோஸ் கலந்தது. ஈரத் துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்து ஒரு ஓரத்தை இழுத்தால் பிறை வடிவில் வளையும், தலையின் சரிவோடு படியும். நேரான ஓரமுள்ள பாலியஸ்டர் ரிப்பன் எத்தனை இஸ்திரி போட்டாலும் வளையாது. 2.5 செ.மீ. அகலம், தலையளவோடு மடிப்புக்கு 2 செ.மீ. கூட. நான்கு பங்காகக் குறித்து, முன், பின், இரு பக்கம் என்று ஊசி குத்தி, ஃபெல்ட்டை அதற்குள் அடக்கித் தை. தொப்பித் தையலுக்கென்று நீண்ட ஊசி இருக்கிறது. அதன் காது தண்டைவிடத் தடிக்காது, அதனால் பெரிய துளை விழாது. வெளிப்பக்கம் ஊசிமுனை அளவுத் தையல்தான் தெரிய வேண்டும். அதையும் வெளி ரிப்பன் மறைத்துவிடும்.

ஃபேஷன் வரலாற்றைக் கேட்டிருந்தாய். பின்னாளில் ஆடை வடிவமைப்பில் பெயர் பெற்ற சிலர் தொப்பியில்தான் தொடங்கினார்கள். ஜான் லான்வான் 1889இல் பாரிஸில் தொடங்கியது தொப்பிக் கடை. கோகோ ஷானெல் 1910இல் ரூ கம்போனில் திறந்ததும் தொப்பிக் கடையே. 1961இல் ஜாக்குலின் கென்னடி தன் கணவர் அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற விழாவில் அணிந்த வட்டத் தொப்பியைச் செய்த ஹால்ஸ்டனும் அப்போது ஒரு கடையின் தொப்பிக்காரர். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மேசை, சில அச்சு, ஆவி இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம். ஆடைப் பட்டறைக்கு வேண்டிய முதலீடு வேண்டாம்.

வைக்கோல் வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பனாமா தொப்பி ஈக்வடாரில் டோக்கியா என்ற செடியின் நாரால் பின்னுவது. உச்சியைக் கிள்ளித் தூக்கினால் அந்த மடிப்பில்தான் முதலில் வெடிக்கும், விளிம்பைப் பிடித்து எடு. சினமே என்பது பிலிப்பைன்ஸின் அபாக்கா என்ற வாழை இனத்தின் நாரில் நெய்த வலைத்துணி. இரண்டு மூன்று அடுக்கை 45 பாகை கிராஸாக வைத்தால்தான் அச்சில் படியும், நேர்வாட்டில் வைத்தால் மூலைகளில் குத்திட்டு நிற்கும். அதிகம் விறைப்பேற்றினால் மடிக்கும் இடத்தில் முறியும்.

இறகு வைக்க ஆசைப்பட்டால் கோழி, வாத்து, தீக்கோழி இறகோடு நின்றுகொள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொப்பிக்காகக் கொக்குகளை இனப்பெருக்கக் காலத்திலேயே சுட்டார்கள், அப்போதுதான் அந்த மெல்லிய இறகு முளைக்கும். குஞ்சுகள் கூட்டிலேயே செத்தன. அதை எதிர்த்துப் பெண்கள் தொடங்கிய சங்கங்களிலிருந்துதான் பிரிட்டனின் 1921 இறகு இறக்குமதித் தடை வந்தது. அமெரிக்காவின் 1918 சட்டப்படி வலசைப் பறவைகளின் இறகை வாங்கவோ விற்கவோ கூடாது.

முதல் வேலையாகக் குளோஷையே செய். கம்பி தேவையில்லை. அந்த வடிவத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பாரிஸ் தொப்பிக்காரர் கரோலின் ரெபூ, ஃபெல்ட்டை வாடிக்கையாளரின் தலையிலேயே வைத்து வெட்டி மடித்து வடிவம் கொடுத்தவர். நீயும் அச்சிலிருந்து எடுத்ததும் கண்ணாடி முன் போட்டுப் பார்த்து விளிம்பை மடி. வெட்டும்போது வேண்டியதைவிட 2 செ.மீ. கூட விட்டு வெட்டு. மரஅச்சு இப்போது வாங்க முடியாவிட்டால் அடர்ந்த தெர்மோகோலைச் செதுக்கி உப்புத்தாளால் தேய்த்துப் பிளாஸ்டிக் தாள் சுற்று. ஊசி ஏறும், சில தொப்பிக்குத் தாங்கும். அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை மட்டும் வைத்துவிடாதே, உருகிவிடும். தலையின் மூன்று அளவுகளையும் எழுதி அனுப்பு, அச்சின் அளவைச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா