அந்தியில் பூப்பவற்றுக்கு வாயிலைத் திறந்து வையுங்கள்

வட்டாரத் தாவரவியல் பூங்காக்களின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். மாலை 5 மணி தாண்டினால் பல பூங்காக்களில் விசில் ஊதி ஆட்களை வெளியேற்றிவிடுகிறார்கள். அமேசான் ராட்சத அல்லி மலரத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். முதல் மாலை பூ வெண்மையாக இருக்கும். தானே சூடேறி அன்னாசிப்பழம் போல மணக்கும். தாயகத்தில் அந்த மணத்துக்கு வரும் வண்டுகளை உள்ளே வைத்தபடி இதழ்கள் மூடிக்கொள்ளும். மறுநாள் மகரந்தம் உதிர்ந்து, அந்தியில் அதே பூ இளஞ்சிவப்பாக விரியும்போது, மகரந்தம் அப்பிய வண்டுகள் வெளியேறும். பிறகு பூ நீரில் அமிழ்ந்துவிடும். வண்டே இல்லாத குளத்திலும் மணமும் நிறமாற்றமும் தவறாமல் நடக்கும். பகலில் வருபவர் இலைத்தட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார். எங்களுக்கு இதுதான் பெரிய ஆதங்கம்.

இரவில் பூக்கும் கள்ளி வகையான நிஷாகந்தியின் பூ ஓரிரவோடு சரி. பாவோபாப் மரத்தின் பூவும் அந்தியில்தான் விரியும். காலையில் நீங்கள் கூட்டித் தள்ளுவது அதைத்தான்.

பூக்கும் பருவத்தில் மட்டுமாவது, வாரம் 2 மாலை இரவு 8.30 வரை திறந்து வையுங்கள். எந்த மாலை என்பதைச் செடியே காட்டிக்கொடுக்கும். தொங்கும் நிஷாகந்தி மொட்டு புடைத்து, நுனி மேல்நோக்கி வளைந்தால் ஓரிரு நாளில் விரியும். அல்லி மொட்டு நீருக்கு மேலெழுந்து, பிற்பகலில் புல்லி இதழ்களுக்கிடையே வெள்ளை தெரிந்தால் அன்றைக்கே. குளத்தைச் சுற்றிவரும் தோட்டக்காரருக்கு இது அத்துப்படி. அவர் சொல்வதை வாயிலில் கரும்பலகையில் எழுதிவையுங்கள். அச்சடித்த பலகை வேண்டாம், மாதக்கணக்கில் மாற்றாமல் கிடக்கும்.

ஃப்ளட்லைட் போட்டுவிடாதீர்கள். வெள்ளை வெளிச்சம் அந்துப்பூச்சிகளைப் பூவிடமிருந்து இழுத்துவிடும். முழங்காலுக்குக் கீழே, தரையைப் பார்த்த மங்கலான விளக்குகளும், சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்சும் போதும். ஒரு குழுவுக்கு 15 பேருக்கு மேல் வேண்டாம். கூட்டம் பாதையை விட்டு இறங்கினால் ஈரமண் இறுகி, மேல்மண்ணில் பரவியுள்ள நுண்வேர்களுக்குக் காற்று கிடைக்காது. குளக்கரைக்குக் கைப்பிடிக் கம்பி கட்டாயம்.

காலையிலும் இதே சிக்கல்தான். இரவில் பூக்கும் அல்லிகள் முற்பகலிலேயே மூடிக்கொள்ளும். 10 மணிக்கு டிக்கெட் கொடுக்கத் தொடங்கினால் அவற்றை யார் பார்ப்பது?

பூக்கள் விரியும், மூடும் நேரங்களை ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1751-இலேயே பட்டியலிட்டார். வெயிலும் பகல்நீளமும் இடத்துக்கிடம் மாறுவதால் அவருடைய நேரங்கள் உங்கள் பூங்காவுக்குப் பொருந்தா. புதிதாகத்தான் குறிக்க வேண்டும். ஒரு பருவம் முழுக்க மணிக்கொருமுறை பார்த்துக் குறிக்க ஆள் தேவைப்பட்டால் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
தாவர ஆர்வலர்கள்