ஆர்வெல் கரையில் பூட்டிக் கிடக்கும் ஆலை

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. நலம்தானே? அம்மா அனுப்பிய புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் வந்து சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் அன்றைக்கு, "இப்ஸ்விச்சில் எத்தனையோ இருக்க, பூட்டிக் கிடந்த பீர் ஃபேக்டரியைப் போய் இத்தனை போட்டோ எடுத்திருக்கீங்களே, அதை இடித்துவிட்டு ஃபிளாட் கட்டலாம்" என்றாய். இங்கிலாந்தில் நீ இருக்கும் அந்த ஊரில், ஆர்வெல் ஆற்றங்கரையில் நிற்கும் கோபோல்ட் பீர் ஆலையைத்தான் சொல்கிறாய். போனில் சொன்னால் நீ பாதியில் "சரிப்பா" என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

குடிநீர் வாரியத்தில் காலம் தள்ளியவனுக்கு முதலில் கண்ணில் படுவது தண்ணீர்தான். 1723-இல் தாமஸ் கோபோல்ட் ஆலையைத் தொடங்கியது இப்ஸ்விச்சில் இல்லை, அந்த ஆர்வெல் ஆறு கடலில் சேரும் ஹார்விச்சில். அங்கே நல்ல தண்ணீர் கிடையாது. இப்ஸ்விச்சின் ஹோலிவெல்ஸ் ஊற்றுகளிலிருந்து படகில் ஏற்றிக் கொண்டுபோய்த்தான் பீர் காய்ச்சினார்கள். பீரில் பெரும்பங்கு தண்ணீர்தானே! எத்தனை நாள் இப்படிச் சுமப்பது? 1746-இல் ஆலையையே ஊற்றுக்குப் பக்கத்தில், ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நீ வாக்கிங் போகும் ஹோலிவெல்ஸ் பூங்கா பின்னால் அந்தக் குடும்பத்தின் தோட்டமாக இருந்ததுதான்.

இப்போது நிற்கும் கட்டடம் 1894-96-இல் வில்லியம் பிராட்ஃபோர்டு வடிவமைத்தது. மதுவாலை கட்டுவதையே தொழிலாக வைத்திருந்த ஆர்க்கிடெக்ட். அது ஏன் கோபுரம் மாதிரி உயர்ந்து நிற்கிறது தெரியுமா? நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு உள்ள அதே காரணம்தான். தண்ணீரையும் முளைகட்டிக் காயவைத்த பார்லியையும் நீராவி எஞ்சினால் ஒரே தடவை உச்சிக்கு ஏற்றிவிடுவார்கள். அப்புறம் எல்லாம் இறக்கம்தான். மேலே நொறுக்கிய பார்லி கீழ்த்தளத் தொட்டியில் வெந்நீரோடு கலந்து ஊறும். அந்த இனிப்புச் சாறு இன்னும் கீழே கொப்பரைக்கு வந்து, கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவோடு கொதிக்கும். பிறகு ஆறி, புளிக்கும் தொட்டிக்கு இறங்கி, கடைசியில் பீப்பாய்க்கு வரும். வேலைக்குத் தக்கபடிதான் ஒவ்வொரு தளமும். ஆவி வெளியேற வேண்டிய இடத்தில் கண்ணாடி ஜன்னல் இருக்காது, சாய்ந்த பலகை அடுக்குகள் இருக்கும்.

கட்டடமே ஒரு இயந்திரம், செல்வி. ஃபிளாட் கட்டுவது சுலபமில்லை என்பதும் அதனால்தான். தொட்டிக்காக விட்ட உயரம் குடியிருக்க உதவாது, தொட்டியைக் கழற்றினால் தரையில் ஓட்டைதான் மிச்சம். போதாக்குறைக்கு அது பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் அரசுப் பட்டியலில் இரண்டாம் தரத்தில் வேறு இருக்கிறது. இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. நல்லதுதான் என்பேன்.

மூடிய கதை நம் ஊர் மில் கதைதான். 1957-இல் கோபோல்ட் நிறுவனம் அதே ஊர்ப் போட்டியாளரான டாலமாஷோடு இணைந்து டாலி கோபோல்ட் ஆனது. கை மாறிக் கை மாறி, 1989-இல் மூடி, காய்ச்சுவதை வடக்கே ஹார்டில்பூலுக்குக் கொண்டுபோனார்கள். மேலாளர்களே வாங்கி 1990-இல் மறுபடி திறந்தார்கள் பார், அந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தோஷம். ஆனால் 2002-இல் பக்கத்து எசெக்ஸ் மாவட்டத்து பீர் நிறுவனமான ரிட்லீஸ் வாங்கி நிறுத்திவிட்டது. மூன்றே வருஷத்தில் ரிட்லீஸையும் கிரீன் கிங் என்ற இன்னொரு பீர் நிறுவனம் வாங்கி, அவர்கள் ஆலையையும் மூடியது. யாரை நோக?

குடிக்காதவனுக்கு இதில் என்ன அக்கறை என்று அம்மா கேட்கிறாள். கள்ளோ பாலோ, தண்ணீர் இறங்கும் வழியை ஒருவன் இவ்வளவு அழகாகக் கட்டியிருந்தால் நின்று பார்க்கத்தான் வேண்டும்.

இதே பிராட்ஃபோர்டு கட்டிய ஹுக் நார்ட்டன் ஆலை ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் இன்னும் ஓடுகிறது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் போய்வாருங்கள். உச்சித் தளத்திலிருந்து கீழே வரை எந்த மாடியில் என்ன இருக்கிறது என்று பென்சிலால் ஒரு படம் போட்டு அனுப்பு. படம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, குழாய் போகும் வழி மட்டும் சரியாக இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா