பட்டறையில் ஆசிட் கொட்டினால்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் வண்டியை சர்வீஸுக்கு விட்டிருந்த பட்டறையில் பழைய லாரி பேட்டரி ஒன்று கை நழுவி விழுந்து உடைந்தது. வேலை பழகும் பையன் செருப்புக் காலோடு ஓடி வந்து, ஓஸ் பைப்பால் தண்ணீர் பீய்ச்சி, மொத்தத்தையும் தெருச் சாக்கடைக்குள் தள்ளிவிட்டான். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அவன் மேல் தப்பில்லை, யாரும் சொல்லித் தரவில்லை.

பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம், கூடவே ஈயமும். முதலில் ஆட்களை விலக்க வேண்டும். ரப்பர் கையுறை, பூட்ஸ், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சுற்றிலும் உலர்ந்த மணலால் அணை கட்டி, பொங்கும் நுரை அடங்கும்வரை சமையல் சோடாவைத் தூவ வேண்டும். அப்புறம் அள்ளி, பிளாஸ்டிக் வாளியில் தனியாக மூடி வைக்க வேண்டும். கண்ணிலோ தோலிலோ பட்டால் சோடா கூடாது. ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பழைய இன்ஜின் ஆயிலும் 2016 மத்திய அரசு விதிகளின்படி அபாயக் கழிவுதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் சின்னப் பட்டறைகளுக்கும் நேரில் வந்து இதையெல்லாம் செய்து காட்ட வேண்டும்.

– ஒரு வாசகர், கோவை