ஆத்தங்குடி கல்லுக்குக் காசு வாங்கிக்கொண்டு அச்சுப் பூ ஒட்டிவிட்டுப் போனது பற்றிய புகார்

வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஆர்டர் எண், ஒப்பந்தம், ரசீது எல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கும். மதுரை வீடு, 'பாரம்பரியம்' பேக்கேஜ், முற்றம் வைத்த இரண்டாவது வரைபடம் என்று சொன்னால் உங்கள் ஆட்களுக்குப் புரியும். அதனால் முதலிலிருந்து கதை சொல்லப் போவதில்லை. போன் செய்கிற ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் எடுத்து, "என்ன பிரச்சினை மேடம், முதல்ல இருந்து சொல்லுங்க" என்று கேட்கிறார். நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும் "டிக்கெட் போட்டுட்டேன் மேடம்" என்று வைத்துவிடுகிறார். மறுநாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. யார் தீர்த்தார்கள், என்ன தீர்த்தார்கள்? பேசிப் பேசி ஓய்ந்துவிட்டேன், அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

விஷயம் இதுதான். ஆத்தங்குடி டைல்ஸ் (செட்டிநாட்டு ஆத்தங்குடி ஊரில் கையால் செய்கிற சிமெண்ட் கல்) என்று ஒப்பந்தத்தில் எழுதி, அதற்குரிய விலையையும் வாங்கிக்கொண்டு, எங்கள் தாழ்வாரத்திலும் கூடத்திலும் நீங்கள் ஒட்டியிருப்பது பூ அச்சடித்த செராமிக் டைல்ஸ். செட்டிநாட்டு வீடு கட்டித் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிற நிறுவனத்துக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் இருக்காது. தெரிந்தேதான் செய்திருக்கிறீர்கள்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகிற பொருளே இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, வெள்ளை சிமெண்டும் நிறப்பொடியும் கலந்த குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு இதழிலும் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் தட்டுகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, காயவைத்து, கண்ணாடியைப் பிரித்து எடுத்தால் அந்தக் கண்ணாடியின் வழவழப்பே கல்லுக்கு வந்துவிடுகிறது. கையால் ஊற்றுவதால் ஒரு கல்லின் இதழ் ஓரம் கொஞ்சம் கசிந்திருக்கும், பக்கத்துக் கல்லில் அப்படி இருக்காது. நீங்கள் ஒட்டியதில் எல்லாப் பூவிலும் ஒரே இடத்தில் ஒரே கசிவு. அந்தக் கசிவையும் சேர்த்துப் படம் பிடித்து அச்சடித்திருக்கிறார்கள்! வாசல்படி ஓரத்தில் ஒரு டைல்ஸ் பெயர்ந்திருக்கிறது, உங்கள் ஆளே பீரோவை நகர்த்தும்போது உடைத்தது. அதைக் குனிந்து பாருங்கள். மேலே தாள் கனத்துக்குச் சிவப்பு, உள்ளே முழுக்க வெளிறிய களிமண். ஆத்தங்குடிக் கல் உடைந்தால் நிறம் உள்ளேயும் இறங்கியிருக்கும்.

இதை நான் எங்கே தெரிந்துகொண்டேன் தெரியுமா? ஆத்தங்குடியிலேயே, ஒரு பட்டறையில் நின்றுகொண்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய். பார்டர் கல் குறைகிறது, நேரில் வந்து நிறம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், எங்கள் கொள்முதல் ஆள் காலை பத்து மணிக்கு அங்கே இருப்பார் என்று உங்கள் அலுவலகத்தில்தான் சொன்னார்கள். சித்திரை வெயில். அப்பாவுக்கு முழங்கால் வலி, காரில் அவ்வளவு நேரம் உட்காரவே முடியாது, ஆனாலும் ஆசையாக வந்தார். பத்து மணி பன்னிரண்டாகி இரண்டாகியும் யாரும் வரவில்லை. போன் எடுப்பாரில்லை. கடைசியில் பட்டறைக்காரர் பாவப்பட்டு இரண்டு மோர் வாங்கி வரச்சொல்லி, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொன்னேன். அப்படி ஒரு ஆர்டரே எங்களிடம் இல்லையே அம்மா என்றார். நிறம் ஒத்துப்பார்க்க நான் கொண்டுபோயிருந்த டைல்ஸை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் கட்டம் கட்டமாக வரி. விரலால் தட்டினார், கணீரென்று சத்தம் வந்தது. "இது குஜராத் மோர்பி பக்கம் இருந்து லாரியில வர்ற சரக்கும்மா, நம்ம கல்லு இப்படிச் சத்தம் போடாது" என்று சொல்லிவிட்டுத் தன்னுடைய கல் ஒன்றை அப்பா மடியில் வைத்தார். பின்பக்கம் சொரசொரவென்று சிமெண்ட், கனமோ கனம். அப்பா அதைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று மாலையே உங்கள் ரிலேஷன்ஷிப் மேனேஜரைப் பிடித்தேன். பெயரைச் சொல்லவில்லை, அழைப்புகளைப் பதிவு செய்கிறோம் என்று நீங்களே அறிவிக்கிறீர்களே, எடுத்துக் கேளுங்கள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "மேடம், செட்டிநாடு லுக் வந்திருச்சு இல்ல? வீட்டுக்கு வர்றவங்க குனிஞ்சு கல்லைத் தட்டிப் பார்க்கவா போறாங்க?" என்றார். அம்மா என் கையிலிருந்து போனை வாங்கி, "தம்பி, நாங்க கேட்டது அது இல்லையேப்பா" என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். அதற்கு அவர், "பெரியம்மா, உங்க காலத்துக் கதையெல்லாம் இப்ப செட் ஆகாது, போனை உங்க பொண்ணுகிட்ட குடுங்க" என்றார். என் அம்மா செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பிறந்து வளர்ந்தவர். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் தெரியும், எந்தத் தரையை எப்படித் துடைக்க வேண்டும் என்பதும் தெரியும். வயதான பெண்ணிடம் பேசுகிற முறையா இது? பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தப் பேச்சை நான் விடப்போவதில்லை.

சரி, டைல்ஸோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. தூண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலைத்த பழைய வீட்டிலிருந்து எடுத்த பர்மா தேக்குத் தூண், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து நேரடியாக வாங்கித் தருகிறோம் என்று சொன்னது நீங்கள். முற்றத்தைச் சுற்றி நிற்பது மரத்தூளை அமுக்கிச் செய்த பலகையில் உருளை செய்து மேலே தேக்குத் தாள் ஒட்டிய தூண். முதல் மழையின் சாரலிலேயே அடிப்பகுதி ஊதித் தாள் சுருண்டுவிட்டது. திறந்த முற்றத்தில் மழை விழும் என்பது ஒரு வடிவமைப்பாளருக்குத் தெரியாதா? முற்றத்தின் வாட்டமும் தப்பு. தண்ணீர் சாக்கடைத் துளைக்குப் போகாமல் தாழ்வாரத்தில் ஏறி நிற்கிறது, வழவழ டைல்ஸில் அம்மா வழுக்கி விழப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு ஏதாவது ஆகியிருந்தால் உங்கள் நிறுவனத்தை மூட வைக்காமல் ஓய்ந்திருக்க மாட்டேன். இதைச் சொன்னதற்கு உங்கள் சைட் இன்ஜினியர், எங்களைக் கேட்காமலே முற்றத்துக்கு மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிவிட்டுப் போனார். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும்தானே முற்றம்? சூடான காற்று மேலே போக வழியில்லாமல் மத்தியானத்தில் கூடம் கொதிக்கிறது, உட்கார முடியவில்லை.

சுண்ணாம்புச் சுவரையும் சொல்லிவிடுகிறேன். கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசி, பளிங்கு போலத் தேய்த்து எடுக்கிற பூச்சு என்று உங்கள் கையேட்டில் படத்தோடு போட்டிருக்கிறீர்கள். பூசியது பட்டி, மேலே பளபளக்கிற பெயிண்ட். அடுக்களை அலமாரிக்குத் தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710 தரப் பிளைவுட் என்று எழுதியிருக்கிறது. தொட்டிக்குக் கீழே இருக்கிற பலகை இப்போதே ஊதி, கதவு மூட மாட்டேன் என்கிறது. 72 மணி நேரம் கொதிநீரில் வேகவைத்துச் சோதிக்கிற தரத்தில் வருகிற பலகை, தொட்டிக் குழாயின் சொட்டுக்கா ஊதும்? எங்கள் தெருத் தச்சர் வெட்டு ஓரத்தைப் பார்த்தவுடன் இது ஈரம் தாங்காத ரகம் என்றார்.

எல்லாவற்றுக்கும் நாங்கள் பிடிவாதம் பிடித்ததுபோல உங்கள் ஆட்கள் எழுதி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது பொய். தேக்கு உத்தரத்தின் மேல் அச்சுக்கல் என்கிற சின்னச் செங்கல்லைக் குறுக்காக அடுக்கிப் போடும் மெட்ராஸ் ஒட்டுக் கூரைக்குச் செலவு அதிகம், ஆள் கிடைப்பது கஷ்டம் என்றீர்கள், உடனே ஒப்புக்கொண்டோம். திண்ணையின் அகலத்தைக் குறைக்கச் சொன்னீர்கள், அதற்கும் சரி என்றோம். முடியாது என்று நேராகச் சொல்லியிருந்தால் டைல்ஸுக்கும் சரி என்றிருப்போம், சாதாரண டைல்ஸுக்குச் சாதாரண விலை கொடுத்திருப்போம். ஒன்றைக் காட்டி விலை வாங்கி வேறொன்றை ஒட்டிவிட்டு, ஆப்பில் 'ஸ்டேஜ் 4 நிறைவு' என்று பச்சை டிக் போட்டு, மீதிப் பணத்தைக் கட்டச் சொல்லி நினைவூட்டல் அனுப்புகிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

செட்டிநாட்டு ஊர்களை 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்ததைக் கூட உங்கள் விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். அந்த ஊர்ப் பெயரை வைத்துத்தான் உங்கள் வியாபாரம் நடக்கிறது. அங்கே கண்ணாடித் தகட்டின் முன் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக ஊற்றுகிறவருக்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. எங்களை ஏமாற்றியதைவிட இது பெரிய துரோகம் என்று நினைக்கிறேன்.

உங்களுக்குக் கொடுத்த 18 லட்சம் அப்பாவின் ஓய்வூதியப் பணமும் நான் வாங்கிய கடனும் சேர்ந்தது. அது முழுக்கப் பாழ். இவர்கள் இருவரும் கடைசிக் காலத்தில் நிம்மதியாக இருக்க ஒரு வீடு என்று நினைத்தது மொத்தமும் நாசமாகிவிட்டது. கிரகப்பிரவேசம் தள்ளிப்போய், வாடகை வீட்டுக்கு இன்னும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

ஐயா, உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. நீங்கள் இந்தப் பிரிவுக்குப் புதிதாக வந்தவராகக்கூட இருக்கலாம். தயவுசெய்து இதை ஒரு டிக்கெட்டாக நினைக்காமல் முழுக்கப் படியுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்: ஒட்டியதைப் பெயர்த்துவிட்டு, பட்டறையின் ரசீதோடு உண்மையான ஆத்தங்குடிக் கல் பதித்துத் தர வேண்டும், அல்லது தரை, தூண், சுவர், அடுக்களை எல்லாவற்றுக்கும் வாங்கிய தொகையை ஜி.எஸ்.டி.யோடு திருப்பித் தர வேண்டும். முற்றத்து ஷீட்டை எடுத்து வாட்டத்தைச் சரிசெய்வது உங்கள் செலவு. வாடகைக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு தனி.

15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அடுத்தது மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்கள் தலைமையகம் சென்னையில் இருக்கிறது என்பதற்காக நான் அங்கே அலைய வேண்டியதில்லை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் 400 ரூபாய்தான், வக்கீல் இல்லாமல் நானே வாதாடலாம். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் போட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது, அங்கேயும் உங்கள் கையேட்டையும் உடைந்த டைல்ஸின் படத்தையும் அனுப்புவேன். அந்த டைல்ஸைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்புறம், வீட்டைப் பார்வையிட ஆள் அனுப்புவதாக இருந்தால் முதல்நாளே சொல்லிவிட்டு, கல்லைப் பார்த்தால் கல் என்று தெரிகிற ஒருவரை அனுப்புங்கள். அம்மாவிடம் அப்படிப் பேசிய அந்த ரிலேஷன்ஷிப் மேனேஜர் எழுத்தில் மன்னிப்புக் கேட்கும் வரை அவர் எங்கள் வீட்டுப் படி ஏறக்கூடாது. மீதித் தவணைக்கான நினைவூட்டலையும் இன்றோடு நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
மதுரை வாடிக்கையாளர்

இணைப்பு: ஒப்பந்த நகல், ரசீதுகள், உடைந்த டைல்ஸ், ஊதிய தூண், தண்ணீர் தேங்கிய தாழ்வாரம் ஆகியவற்றின் படங்கள்